திரையும் ஒரு பள்ளியே

முன்னுரை

திரைப்படம் சமுதாயத்தைச் சீரழிக்கிறதா, சீர்திருத்துகிறதா என்னும் பட்டிமன்றத்தை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். நான் இங்கு எழுப்ப விரும்புவது வேறொரு வினா. ஏட்டைப் படிக்க இயலாதவர்களுக்குத் திரைப்படம் என்ன செய்ய முடியும்? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் சிதம்பரத்தை அடுத்த சிற்றூரில் நடவு நட்டும் களையெடுத்தும் என்னைப் படிக்க வைப்பவர். கையொப்பத்திற்குப் பதில் கைநாட்டு வைப்பவர். ஆகவே, எனக்கு இது வெறும் பட்டிமன்றத் தலைப்பன்று.

ஆப்பிரிக்கா காட்டிய வழி

இவ்வினாவிற்கு முதலில் விடை கண்டவர்களுள் ஒருவர் செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் (1923-2007). மார்செய்ல் துறைமுகத்தில் கூலித் தொழிலாளியாக உழைத்தவர்; பின்னர் பிரெஞ்சு மொழியில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். ஆனால் அந்நூல்களைத் தம் மக்களுள் பெரும்பாலோரால் படிக்க இயலாது என்பது அவர் நெஞ்சை உறுத்தியது. நாற்பது வயதை நெருங்கும் பருவத்தில் மாஸ்கோ சென்று திரைப்படக் கலை பயின்றார். 1963இல் 'போரோம் சாரெட்' என்னும் குறும்படத்தில் டக்கார் நகரத்து ஏழை வண்டிக்காரன் ஒருவனின் ஒரு நாளைக் காட்டினார். 1968இல் வோலோஃப் மொழி பேசும் 'மண்டாபி' வந்தது. பாரிசிலிருந்து வந்த மணியார்டரைப் பெற, எழுத்தறியாத ஒருவன் அடையாள அட்டையின்றி அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். அவனிடத்தில், படிவம் நிரப்பத் தெரியாமல் பிறர் முகம் பார்த்து நின்ற என் தாயாரையே நான் கண்டேன்.

அவ்வழியில் இளையோரும் நடக்கின்றனர். சாம்பியாவில் பிறந்த ருங்கானோ நியோனி என்னும் பெண் இயக்குநர், சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்ட சிறுமி ஒருத்தியின் கதையை 2017இல் படமாக்கினார்.

தமிழகத்து இளைஞர்கள்

அதே 2017இல் நம் தமிழகத்தில் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டார். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த பின்னும் அவ்விழிவு தொடர்வதை அப்படம் கண்முன் நிறுத்தியது. அதனைத் திரையிடப் பல இடங்களில் தடை எழுந்தது. இறுதியில் யூடியூப் வழியே மக்களை அடைந்தது. இளமையிலேயே திருப்பூர் ஆலையில் வேலை செய்த பி. எஸ். வினோத்ராஜ், தம் முதற்படமான 'கூழாங்கல்'லுக்கு 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றார். குடிகாரத் தந்தையும் மகனும் கொளுத்தும் வெயிலில் நடக்கும் நடையே அதன் கதை.

நம் மாவட்டத்துக் கதை

2021இல் வெளிவந்த த. செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' நாம் அனைவரும் அறிந்த படம். அதன் வேர், இன்றைய கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தில் உள்ளது. 1993இல் திருட்டுக் குற்றம் சாட்டிக் கொண்டு செல்லப்பட்ட இராஜாக்கண்ணு, காவல் துறையினரின் சித்திரவதையால் மாண்டார். அவர் தப்பியோடிவிட்டதாகவே காவலர்கள் கூறினர். மனைவி பார்வதி தளரவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியினர் துணை நின்றனர். அன்று வழக்கறிஞராக இருந்து, பின்னர் நீதிபதியான சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவின் மூலம் போராடினார். குற்றம் புரிந்த காவலர்கள் தண்டனை பெற்றனர்.

சென்ற விடுமுறையில் இப்படத்தைக் கைப்பேசியில் என் தாயாருக்குக் காட்டினேன். முடிந்ததும், இது முதனையில் நடந்தது என்றேன். "நம்ம விருத்தாசலம் பக்கமா தம்பி? அப்ப நான் பாவாடை கட்டிக்கிட்டு ஆடு மேய்ச்சிக்கிட்டிருந்தேன். இத்தனை வருசமா எங்கிட்ட யாருமே சொல்லலியே!" என்றார். செய்தித்தாளும் தீர்ப்பும் எட்டாத இடத்தை, 28 ஆண்டுகள் கழித்து ஒரு திரைப்படம் எட்டியது.

ஓர் எச்சரிக்கை

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பார்வதி குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படமோ அக்குடும்பத்தை இருளராகக் காட்டுகிறது. பிச்சாவரம், கிள்ளைப் பகுதிகளில் வாழும் இருளர் படும் துயரும் மெய்யே. எனினும், ஒருவர் துயரம் இன்னொருவர் பெயரில் சொல்லப்படும்போது அதற்குரியவர் மீண்டும் மறைந்து போகிறார் அல்லவா? இதை என் தாயாரிடம் எடுத்துச் சொல்ல, படித்த ஒருவன் அருகில் இருக்க வேண்டியிருந்தது.

முடிவுரை

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஓர் உவமை கூறி முடிக்கிறேன். குவிவில்லை ஒளியை உண்டாக்குவதில்லை. பரந்து வருவதை ஓரிடத்தில் குவிக்கிறது. திரைப்படமும் அத்தகையதே. ஒளி, பார்வதி போன்றோரின் போராட்டத்தில் இருக்கிறது. நம் கல்லூரியில் மாதம் ஒரு படம் திரையிட்டு, எழுத்தறியாத நம் பெற்றோரையும் அழைத்து, படம் முடிந்ததும் அரைமணி நேரம் உரையாட ஏற்பாடு செய்யுமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். முதல் நாள் முன் வரிசையில் என் தாயார் அமர்ந்திருப்பார்.