களையை அடக்கும் நெல், குலைநோயைத் தாங்கும் நெல்

விருதுநகர் மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பியுள்ள உழவர் பெருமக்கள் புரட்டாசியில் புழுதியில் நெல் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருப்பது வழக்கம். மழை விழுந்ததும் நெல்லோடு களையும் முளைக்கிறது. நடவு வயலில் களையை அமுக்கி வைப்பது தேங்கிய நீர். புழுதி விதைப்பில் முதல் சில வாரங்களுக்கு அந்த நீர் இருப்பதில்லை. களையெடுக்கும் கைகளோ சிவகாசி, சாத்தூர் பகுதிப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகின்றன. ஆள் கிடைக்கும்போது களை நெல்லை மிஞ்சியிருக்கும். ஆகவே, நெற்பயிரே களையை அடக்குமா என்று கேட்பது நியாயமே.

நெல்லின் தற்காப்பு

நெல் இரு வழிகளில் களையை அடக்குகிறது. விரைந்து தூர்கட்டி நிழல் பரப்புவது ஒன்று. வேரின் வழியே சில வேதிப்பொருள்களைக் கசியவிடுவது மற்றொன்று. இவற்றுள் முக்கியமான மோமிலாக்டோனை 1973-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல் உமியிலிருந்து பிரித்தெடுத்தனர். இது குதிரைவாலிப் புல்லின் வளர்ச்சியைத் தடுக்கிறது. குலைநோய்ப் பூசணம் தாக்கும்போது இலையில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்களிலும் இது ஒன்று. களைக்கும் நோய்க்கும் ஒரே ஆயுதம் என்பதே இதன் சிறப்பு.

இரகத் தேர்வு

ஆடுதுறை 10 குலைநோய்க்கு எளிதில் ஆளாகும். கோ 4 அதைத் தாங்கும். இவ்விரண்டையும் கலந்து கோவையில் கோ 25 உருவாக்கப்பட்டது. களையடக்கும் பண்பிலும் இம்முறை பயன்பட்டு, தென்சீனாவில் ஹுவாகன் 3 என்ற இரகம் வந்துள்ளது. ஆயினும் இப்பண்பைப் பல மரபணுக்கள் ஆள்வதால், விளைச்சல் குறையாமல் அதைச் சேர்ப்பது பல ஆண்டுப் பணி. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் பரமக்குடி 3 (2003), அண்ணா 4 (2009) ஆகியவை வறட்சியைத் தாங்குவதற்கென்றே வெளியிடப்பட்டவை. அடுத்து வரும் இரகங்களில் களையடக்கும் பண்பும் சேர வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. விதையை 1 சத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கவும். பயிர் விரைந்து, சீராக எழும்பும்.

2. எக்டருக்கு 75 கிலோ விதையை 20 செ.மீ. வரிசையில் விதைக்கவும். வரிசை இருந்தால் களைக்கருவி ஓட்டலாம்.

3. இளம் குதிரைவாலிப் புல் நெல்லைப் போலவே தோன்றும். இலையும் தண்டும் சேருமிடத்தைப் பாருங்கள். நெல்லுக்கு மெல்லிய நாக்குப் போன்ற சவ்வு உண்டு, புல்லுக்கு இல்லை.

4. இரண்டு இரகங்களை அருகருகே விதைத்து, களையெடுக்கும் முன் ஒரு சதுர மீட்டரில் உள்ள களைகளை எண்ணி எழுதி வையுங்கள்.

எந்த இரகமும் களையை முற்றிலும் ஒழித்துவிடாது. ஆனால் இரண்டு முறை எடுக்கும் களையை ஒரு முறையாகக் குறைத்தாலே, ஆள் கிடைக்காத வேளையில் அது பெரிய ஆதாயம். உங்கள் வயலில் எண்ணிய கணக்கை அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திற்குத் தெரிவியுங்கள். நாளைய இரகத்தைத் தேர்வு செய்ய அது உதவும்.