கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் எம்.ஆர்.ஐ. படமும்

தோட்டத்துச் சகோதரிகளே,

மாதவிலக்கு நின்று போன பிறகும் உதிரம் படுகிறதா? தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் காண்கிறதா? துர்வாடையுடன் வெள்ளை படுகிறதா? "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

நோய் உறுதியானால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். செராஸில் 1997-இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை (இன்று துவாங்கு முஹ்ரிஸ் பெயரில் உள்ளது) அப்படிப்பட்ட ஒன்று. அங்கே எம்.ஆர்.ஐ. என்றதும் பயப்பட வேண்டாம். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் வானொலி அலையும்தான். கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை பரவியிருக்கிறது என்று அதில் தெரியும்.

கட்டிக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்றும் அதில் பார்க்கலாம். கை நரம்பில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, சில விநாடிக்கு ஒரு படமாக எடுப்பார்கள். ரத்தம் நன்றாகப் பாயும் இடம் சீக்கிரம் வெளுக்கும். பாயாத இடம் மங்கலாகவே நிற்கும்.

"ரத்தம் ஓடினால் கட்டி வளராதா?" என்று கேட்பீர்கள். சிகிச்சைக்கு அந்த ரத்தம்தான் துணை. மழையில்லாத காலத்தில் போட்ட உரம் வேருக்கு இறங்குமா? அதுபோல, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. பிராணவாயு குறைந்த இடத்தில் கதிர்ச் சிகிச்சையின் வேகமும் குறையும். அப்படிப்பட்ட கட்டிகள் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வருவது அதிகம் என்று 1990-களிலிருந்து அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், இந்த ரத்த ஓட்டச் சோதனை எல்லாருக்கும் செய்வதல்ல. டாக்டர்தான் முடிவு செய்வார்.

ரத்தசோகை இருந்தாலும் கட்டிக்குப் பிராணவாயு குறையும். ஆகவே டாக்டர் ரத்தம் ஏற்றச் சொன்னால் மறுக்காதீர்கள்.

படத்துக்குப் போகும்போது:

1. தாலி, மூக்குத்தி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியில் மாட்டிய ஊக்கு இரும்பு, காந்தம் இழுத்துவிடும்.
2. சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், உடம்பில் பொருத்திய உலோகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
3. இயந்திரம் தடதடவென்று சத்தம் போடும். அசையாமல் படுத்திருங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற கிருமியால் வருகிறது. நம் நாட்டில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தடுப்பூசி போடும் திட்டம் 2010-இல் தொடங்கியது. பாரம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். தாய்மார்கள் அரசாங்கக் கிளினிக்கில் சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, போய் வாருங்கள்.