வீடு திரும்பும் நோயாளியும் வாடாத பூக்களும்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் குடும்பத்தாரிடமும் எங்கள் குருதியியல் பிரிவில் ஒரு நீண்ட பட்டியல் தரப்படுகிறது. கொதித்து ஆறிய நீர், முகக்கவசம், பார்வையாளர் கட்டுப்பாடு என்று நீளும் அப்பட்டியலை மறுப்பின்றிக் கேட்டுக்கொண்டு வருபவர்கள் ஓரிடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள். வீட்டினுள் பறித்த பூக்களும் மண் நிரப்பிய தொட்டிச் செடிகளும் சில மாதங்களுக்கு இருத்தல் ஆகாது என்னும் வரி அது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரத்தப் புற்றுநோய்க்காக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒரு பள்ளிச் சிறுவனின் தாயார் அவ்வரியைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீடே பூவாலதான் டாக்டர் ஓடுது" என்றார். அதிகாலையில் சந்தையிலிருந்து உதிரிப் பூ வாங்கி வந்து, ஈரத்துணி விரித்து, நனைத்த வாழைநாரில் கட்டி, முழக்கணக்கில் விற்பது அவருடைய தொழில். ஒற்றை அறையும் சிறு முன்கூடமும் கொண்ட வீடு. நாங்கள் எளிதாக எழுதிவிட்ட ஒரு வரி, அக்குடும்பத்தின் வருமானத்தையே வெளியேற்றச் சொல்லியது. அவர் கேட்ட கேள்விகளுக்கு அன்று சொன்ன விடைகளையே, எல்லோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், இங்கு விரிவாக எழுதுகிறேன்.

பூவில் என்ன இருக்கிறது?

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்னும் வகை, கிருமிகளையும் பூஞ்சைகளையும் நேருக்கு நேர் எதிர்த்து அழிப்பது. நலமாக உள்ளவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் இவ்வணுக்கள் ஏறத்தாழ 1500க்கு மேல் இருக்கும். 500க்குக் கீழே இறங்கினால் தொற்று அபாயம் மிகுதி. கடுமையான கீமோதெரபிக்குப் பின்னும் மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னும் இவ்வெண்ணிக்கை சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நூறுக்கும் கீழே கிடப்பதுண்டு.

பூச்சாடியில் ஒரு நாள் நின்ற நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். ஆயினும் அதன் ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும் என்பதும், அவற்றுள் சூடோமோனாஸ் போன்ற, மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத வகைகள் உண்டு என்பதும் 1973ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்விலிருந்து நன்கு அறியப்பட்டவை. தொட்டி மண்ணிலும், மட்கும் இலையிலும், நேற்றைய மாலையிலும் வாழ்வது ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை. அதன் வித்துகளின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான். தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் அவை மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்கின்றன. நீங்களும் நானும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். நம் உடல் அவற்றைச் சத்தமின்றி அழித்துவிடுகிறது. அழிக்கும் படை இல்லாத உடலில் அவை முளைத்து, இழைகளாக நீண்டு, நுரையீரல் திசுவையும் குருதிக் குழாய்களையும் துளைக்கின்றன. அந்நோய்க்கு மருந்துகள் உண்டு. ஆனால் சிகிச்சை பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் நீளும். மாற்றுச் சிகிச்சையில் வென்று வந்தவர்களை நாங்கள் இழப்பதற்கான காரணங்களுள் அது முக்கியமானது.

"எண்ணிக்கைதான் ஏறிவிட்டதே, இன்னும் ஏன் தடை?" என்று பலர் கேட்பர். நியாயமான கேள்விதான். பிறரிடமிருந்து மஜ்ஜையணுக்களைப் பெற்றவர்கள், புதிய அணுக்கள் தம் உடலையே தாக்காமல் இருக்க ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் உட்கொள்கிறார்கள். இம்மருந்துகள் இருக்கும் வரை, தாளில் எண்ணிக்கை சரியாகத் தெரிந்தாலும் அணுக்களின் வேலைத்திறன் குறைந்தே இருக்கும். எண் ஏறியது ஒரு படி மட்டுமே.

இங்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். இன்ன சாடியிலிருந்து இன்னாருக்கு நோய் வந்தது என்று உறுதியாகக் காட்டிய சான்றுகள் மிகக் குறைவு. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ள நோயாளிகளுக்குப் பூக்களைத் தடுக்க வேண்டியதில்லை என்றே கூறுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றியோர் தங்கும் பகுதிகளில் மட்டுமே புதிய பூ, உலர்ந்த பூ, தொட்டிச் செடி ஆகியவற்றை விலக்கச் சொல்கிறது. எனவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு, மாரடைப்பிலிருந்து மீண்ட தந்தையின் கட்டிலருகே இருக்கும் ரோஜாவை யாரும் தூக்கியெறிய வேண்டாம். மஜ்ஜை மாற்று, தீவிர இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை, கடுமையான மஜ்ஜைச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு உட்பட்டவர்களுக்கே இது பொருந்தும். மற்ற கீமோதெரபி பெறுவோர் தம் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

பூவின்றி இருந்துவிட்டால் என்ன?

இருக்கலாம்; பலர் இருக்கிறார்கள். ஆனால் நோயாளியின் கண்ணுக்கு ஏதேனும் ஒன்று தேவை என்பதை மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தே வந்திருக்கிறது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியப் பணி பற்றிய தம் நூலில், நீண்ட நாள் படுத்திருப்பவருக்கு நிறமும் மலரும் தரும் தெம்பைக் குறித்து அழுத்தமாக எழுதியுள்ளார். 1984ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. பித்தப்பை அறுவைக்கு உட்பட்ட 46 பேரில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்திருந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்திருந்த 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது உயிருள்ள மரம். பாலியெஸ்டர் இலைக்கும் அதே பலன் உண்டென்று நான் கூற மாட்டேன். உங்கள் சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்குமானால், முதலில் நோயாளியின் கட்டிலை அதை நோக்கித் திருப்புங்கள். செலவில்லாத சிகிச்சை அது. மரம் இல்லாத வீடுகளுக்கும் வெறுமையாகிப் போன மேசைகளுக்குமே செயற்கைப் பூ.

எதை வாங்குவது?

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை முழுவதுமாக நீரில் அமிழ்த்திக் கழுவலாமா? கழுவ இயலாத பூ எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் இவ்வீடுகளுக்கு உதவாது. செயற்கைப் பூவில் மண்ணும் நீரும் இல்லையே தவிர, தூசு உண்டு. தூசில் வித்துகள் உண்டு. மாதக்கணக்கில் துடைக்காத செயற்கைப் பூங்கொத்து, அன்றாடம் மாற்றப்படும் புதுப் பூவைவிட நல்லது என்று சொல்ல முடியாது.

'பட்டுப் பூ' என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியால் ஆனவை. அவற்றுள் சில கழுவலைத் தாங்கும். சில நிறம் விடும், இதழோரம் பிரியும். இலைகளும் தண்டுகளும் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. அவை எளிதில் கழுவப்படும். விலை உயர்ந்த துணிப் பூவைவிட மலிவான பிளாஸ்டிக் பூ இக்காரணத்தால் மேலானதாகிவிடுவதுண்டு. தொட்டால் உண்மைப் பூப் போலவே இருக்கும் வகைகளுள் சிலவற்றில் ரப்பர் பால் பூச்சு உண்டு. ரப்பர் கையுறை ஒவ்வாதவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மூக்கருகே கொண்டு சென்றால் பிளாஸ்டிக் நெடி அடிக்கும் பூவை வாங்காதீர்கள். கீமோதெரபி பெறுபவருக்கு அந்நெடியே குமட்டலை எழுப்பும். அதே காரணத்தால் செயற்கைப் பூவின் மீது மல்லிகை வாசனைத் திரவியம் தெளிப்பதும் கூடாது.

பூவைவிட அடிப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். சிறு செயற்கை மரங்கள் சிலவற்றின் அடிமரம் உண்மையான மரக்கட்டை. தொட்டியின் மேற்பரப்பை நிரப்பியிருப்பது உலர்ந்த பாசி அல்லது தென்னைநார். ஈரம் பட்டால் இவை பூஞ்சைக்கு நல்ல விளைநிலம். அவற்றை அகற்றிவிட்டு, கழுவி உலர்த்திய கூழாங்கற்களையோ கண்ணாடிக் கோலிக்குண்டுகளையோ இடலாம். தஞ்சாவூரின் நெட்டிப் பூ வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. எனக்கு மிகவும் பிடித்த கலை. ஆனால் நெட்டி ஒரு நீர்த்தாவரத்தின் சோறு. கழுவவும் முடியாது, காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஏலக்காய் மாலை, வெட்டிவேர் மாலை, உலர்மலர்க் கொத்து ஆகியனவும் அவ்வாறே. கண்ணாடிப் பேழைக்குள் மூடி வைத்த நெட்டி வேலைக்கு மட்டும் நான் தலையாட்டிவிடுவது வழக்கம்.

சுவர் முழுவதும் ஒட்டும் செயற்கைப் புல் விரிப்பும், கூரையிலிருந்து தொங்கும் கொடிகளும் இப்போது பரவலாகிவருகின்றன. கழுவுவார் யார் என்று எண்ணிப் பாருங்கள். கட்டிலுக்கு நேர் மேலேயும், மின்விசிறி, குளிர்சாதனக் காற்றின் பாதையிலும் எதையும் தொங்கவிட வேண்டாம். ஒரு சாடி போதும். அதற்கு இரண்டு கொத்துகள் இருந்தால் ஒன்று மேசையிலும் மற்றொன்று கொடியில் உலர்ந்துகொண்டும் இருக்கலாம்.

வாரம் ஒரு முறை, நோயாளியல்லாத ஒருவர், நோயாளி இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும். உலர்ந்த துணியால் தட்டுவதும் வாயால் ஊதுவதும் தூசைக் காற்றில் ஏற்றும் செயல்கள். கொத்தை அப்படியே எடுத்துச் சென்று, பாத்திரம் கழுவும் சோப்பு சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரில் முக்கி அலசி, உதறி, தலைகீழாகக் கட்டி வெயிலில் தொங்கவிடுங்கள். குழாய்த் தண்டுக்குள்ளும் இதழ்களின் அடிக்கிண்ணத்திலும் நீர் தங்கும். தண்டின் உள்ளே இரும்புக் கம்பி இருந்தால் துருவும் பிடிக்கும். முற்றிலும் உலர்ந்த பிறகே உள்ளே வரட்டும். கரும்புள்ளிகள் தோன்றினால் தேய்த்துக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடுங்கள்.

பூஜையறையும் படமாலையும்

இவ்விடத்தில் நான் மருத்துவராக மட்டுமே பேச இயலும். சாமிக்குப் பிளாஸ்டிக் பூவா என்று மனம் ஒப்பாதவர்களிடம் நான் வாதிடுவதில்லை. பூ கிடைக்காதபோது அட்சதை இடும் வழக்கம் உள்ளதே. வெள்ளிப் பூக்களால் அர்ச்சிப்போரும் உண்டு. புதுப் பூதான் வேண்டுமென்றால் கோயிலில் சாத்திவிட்டு வரலாம். வீட்டில் மிகவும் அஞ்ச வேண்டியது இன்று சாத்திய பூவன்று, அகற்றப்படாமல் மூலையில் சேர்ந்துகிடக்கும் நிர்மால்யம். மறைந்தோர் படத்தில் மாதக்கணக்கில் காய்ந்து தொங்கும் மாலையும் அத்தகையதே. அதற்குப் பதிலாகக் கழுவக்கூடிய செயற்கை மாலையை அணிவிக்கலாம். ஆனால் விளக்குக்கும் ஊதுபத்திக்கும் எட்டாத தொலைவில் அது இருக்க வேண்டும். பாலியெஸ்டர் உருகி எரியும். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் இருந்தால் அவ்வறையில் விளக்கும் புகையும் அறவே கூடாது.

பூங்கொத்தோடு வரும் உறவினரை வாசலில் நிறுத்தி வருத்த வேண்டியதில்லை. முன்னதாகவே தொலைபேசியில் சொல்லிவிடலாம். தலையில் பூச்சூடி வருபவர் அதனை வெளியே வைத்துவிட்டுக் கைகழுவி உள்ளே வரட்டும். முடி முழுவதும் கொட்டியிருந்த ஒரு பெண்மணி, தலைத்துணியின் ஓரத்தில் செயற்கை முல்லைச் சரம் ஒன்றைத் தைத்துக்கொண்டு மறுபரிசோதனைக்கு வந்தார். துணியோடு சேர்த்துத் துவைக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். துவைப்பதாகச் சொன்னார்.

முதலில் கூறிய தாயார், பூக்கட்டும் வேலையைத் தெருமுனையிலிருந்த தம் தங்கை வீட்டுத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார். மாலையில் குளித்து உடைமாற்றிய பின்பே மகனிடம் சென்றார். சிறுவனின் அறைக்கு அண்டை வீட்டார் வாங்கித் தந்த செயற்கைச் செம்பருத்திக் கொத்தைப் பார்த்து, அது பொய்யாகத் தெரிவதன் காரணத்தை அவரே கண்டுபிடித்தார்: எல்லாப் பூவும் ஒரே அளவில் விரிந்திருந்தன. சில பூக்களின் இதழ்களை நூலால் கட்டி மொட்டாக்கினார். இரண்டைத் தலைகவிழ வளைத்தார். பாதிப் பூவைப் பிடுங்கிவிட்டு இலையை மிகுதியாக்கினார். கொத்தைச் சன்னலின் ஓரம், வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி வைத்தார். செம்பருத்தி ஒரே நாளில் வாடுவது என்பதால், நாளுக்கொரு முறை பூவின் இடத்தை மாற்றி வைக்கவும் செய்தாராம். பார்க்க வந்தவர்கள், "பூ கூடாதுன்னு சொன்னாங்களே" என்று பதறியதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

புதுப் பூ வீட்டுக்குள் எப்போது வரலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் நிறுத்தப்படும் காலத்தைப் பொறுத்தது அது. தம் மஜ்ஜையணுக்களையே திரும்பப் பெற்றவர்களுக்குச் சில மாதங்களும், பிறரிடமிருந்து பெற்றவர்களுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். மறுபரிசோதனையின்போது கேளுங்கள், அற்பமான கேள்வி என்று தயங்காதீர்கள். இதற்கிடையில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, புதிதாக இருமலோ நெஞ்சுவலியோ தோன்றினாலோ, விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.