ஏட்டுப் பூசையும் வீட்டு நூல் நிலையமும்

நவராத்திரி நிறைவில் சரஸ்வதி பூசையன்று கும்பத்தின் முன் புத்தகங்களை அடுக்கி, பூச் சாத்தி வணங்குகின்றோம். மறுநாள் விஜயதசமியில் பாலருக்கு ஏடு தொடக்குகின்றோம். அன்று நாம் பூசையில் வைக்கும் நூல்கள் எவை? பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், ஒரு தேவாரத் திரட்டு, ஒரு பஞ்சாங்கம். பல வீடுகளில் உள்ள நூல்களும் இவ்வளவே. "சோதனைக்குப் படித்தால் போதும், மற்றப் புத்தகமெல்லாம் வீண்" என்று கூறும் பெற்றோரும் நம்மிடையே உளர். சமய நூலுக்கு அப்பால் வாசிப்பது பக்திக்கு இடையூறு என்று எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை நமது மண்ணின் வரலாற்றைக் கொண்டே சிந்திப்போம்.

கண்ணகை அம்மன் தரும் பாடம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கண்ணகை அம்மன் ஆலயங்கள் பல உள்ளன. வைகாசித் திங்களில் கதவு திறந்து, வழக்குரை காவியம் படித்து, குளிர்த்தி பாடி வழிபடுகின்றோம். அந்த அன்னையின் கதையைச் சிலப்பதிகாரமாகத் தந்த இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது அறிஞர் பலரின் கருத்து. சைவர்களாகிய நாம் தெய்வமாகக் கொண்டாடும் அன்னையின் கதை, சைவ நூல் என்ற வரம்புக்குள் நில்லாத ஒரு காவியத்தில் வாழ்கின்றது.

அக்காவியத்தை 1892 இல் ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர். திருவாவடுதுறைச் சைவ மடத்தில் தமிழ் கற்றவர் அவர். கும்பகோணத்தில் ஆசிரியப் பணியேற்ற 1880 ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தூண்டினார். அது சமண காவியம். பொருள் விளங்காத இடங்களில் அவர் அந்நகரில் வாழ்ந்த சமணர்களிடமே சென்று கேட்டுக் கற்றார். 1887 இல் சிந்தாமணியையும், 1898 இல் பௌத்த காவியமான மணிமேகலையையும் பதிப்பித்தார். பிற சமய நூல்களைக் கற்றதால் அவருடைய சைவப் பற்றுக் குறையவில்லை. தமிழுக்கோ பெருஞ்செல்வம் கிடைத்தது.

அடிகளார் காட்டிய வழி

சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892 இல்தான் காரைதீவில் மயில்வாகனன் என்ற குழந்தை பிறந்தது. அவரே நமது சுவாமி விபுலாநந்தர். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924 இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். துறவு பூண்ட பின்னரும் வாசிப்பின் எல்லையை அவர் சுருக்கிக்கொள்ளவில்லை. ஆங்கில நாடகாசிரியர் சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926 இல் மதங்க சூளாமணி எழுதினார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைச் செய்திகளை அடிப்படையாக வைத்து, மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். தமிழும் இசையும் விஞ்ஞானமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமையால் 1947 இல் யாழ் நூல் பிறந்தது. அவ்வாண்டிலேயே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில் அவருடைய சமாதியைத் தரிசிக்கும் நாம், அவர் கற்ற பரப்பையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே வரலாறு, விஞ்ஞானம், விவசாயம், உடல்நலம், பயணம், நாவல், கவிதை எல்லாம் கலைமகளின் வடிவங்களே. நாவல் வாசிக்கும் பிள்ளை பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரப் பழகுகின்றது. அன்பே சிவம் என்று கொண்ட சமயத்துக்கு இது புறம்பானதா?

குறைந்த செலவில் நூல் சேர்க்க

1978 சூறாவளியும், நீண்ட யுத்தமும், 2004 ஆழிப்பேரலையும் நமது வீடுகளிலிருந்து எத்தனையோ ஏடுகளையும் புத்தகங்களையும் கொண்டுபோயின. மீண்டும் சேர்ப்பது நமது கடமை. அதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

1. நாளொன்றுக்குப் பத்து ரூபா வீதம் ஓர் உண்டியலில் இடுங்கள். ஆண்டு முடிவில் 3,650 ரூபா சேரும். நவராத்திரிக்கு முன் அதை எடுத்துப் பிள்ளைகளுடன் சென்று நூல் வாங்குங்கள். தெரிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

2. கொழும்புக்குச் செல்வோர் மருதானைப் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். பழைய நூலென்று தாழ்வாக எண்ண வேண்டாம்.

3. பொது நூலகத்திலும் பிரதேச சபை நூலகத்திலும் அங்கத்தவராகுங்கள். முதலில் இரவல் பெற்று வாசித்து, திரும்பத் திரும்ப வேண்டியதை மட்டும் விலைக்கு வாங்குங்கள்.

4. கைத்தொலைபேசி உள்ள வீட்டில் நூல் இல்லை என்று சொல்ல இடமில்லை. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், 2005 இல் தொடங்கிய நூலகம் வலைத்தளத்திலும் நூல்களை இலவசமாக வாசிக்கலாம். ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் நூலகம் தளத்தில் தேடிப் பாருங்கள்.

5. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஆளுக்கு ஒவ்வொரு நூல் வாங்கி, மாதந்தோறும் மாற்றிக்கொண்டால் ஒன்றின் விலையில் ஐந்தை வாசிக்கலாம்.

6. பிறந்தநாளுக்கும் பாராட்டு விழாவுக்கும் பொன்னாடைக்குப் பதிலாக நூல் கொடுங்கள்.

சேர்த்ததைக் காப்பதும் முக்கியம். வாவிக் கரையில் மாரி காலத்து ஈரம் புத்தகத்துக்குப் பகை. அலுமாரியைச் சுவரில் முட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். உலர்ந்த வேப்பிலை இடையிடையே இடுங்கள். மழை விட்டபின் நூல்களை வெளியில் எடுத்து, நிழலில் காற்றாட வைத்துத் தூசி தட்டுங்கள். இரவல் கொடுத்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பூட்டி வைத்த புத்தகம் கறையானுக்கே உணவாகும். கைமாறும் புத்தகமே வாழும்.

முன்னாளில் ஊர்தோறும் வாசிகசாலைகள் இருந்தன. ஆலய மண்டபத்தின் ஒரு மூலையில் ஓர் அலுமாரி வைத்து, அடியார்கள் வாசித்து முடித்த நூல்களை அதில் சேர்த்தால் அந்த வழக்கம் மீண்டும் துளிர்க்கும். நிர்வாக சபையினர் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.

அன்பான அடியார்களே, வருகின்ற சரஸ்வதி பூசையில் தேவாரத் திரட்டின் அருகே இதுவரை நம் வீட்டில் இல்லாத ஒரு நூலையாவது வைப்போம். பூசை முடிந்ததும் அதை எடுத்து வாசிப்போம். கலைமகளுக்குச் சாத்தும் பூ மாலைக்குள் வாடிவிடும். வாசித்த நூல் வாடாது.

வாழ்க சைவம்! வளர்க கல்வி!