டிஎல்எல் பிழையா? பார்மேட் செய்ய அவசரப்படாதீர்கள்!

புதிதாக ஒரு சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்கிறீர்கள். ஐகானில் டபுள் கிளிக் செய்தால் புரோகிராம் திறக்கவில்லை. ஏதோ ஒரு டிஎல்எல் பைலைக் காணவில்லை என்று ஒரு சிறிய பெட்டிதான் வருகிறது. சில சமயம் நேற்று வரை ஓடிய புரோகிராமே இப்படி மக்கர் செய்யும். "விண்டோஸ் போச்சு, பார்மேட் பண்ணிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. அந்தப் பெட்டியில் வரும் செய்தியைப் படித்தாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

டிஎல்எல் என்பது என்ன?

டைனமிக் லிங்க் லைப்ரரி என்பதன் சுருக்கம் இது. பல புரோகிராம்களுக்கும் தேவைப்படும் பொதுவான வேலைகளை ஒரே பைலில் எழுதி வைத்து, எல்லாமே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு வீட்டில் அம்மாவும் அத்தையும் ஒரே ஆழாக்கில் அரிசி அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தை அதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் சிறிய ஆழாக்கை வைத்தால், அம்மாவின் சாதம் குழைந்துவிடும். டிஎல்எல் பைலின் பதிப்பு மாறும்போதும் இதுதான் நடக்கிறது.

நம் தமிழே இதில் மாட்டியிருக்கிறது. யூனிகோட் எழுத்துகளைச் சரியாக அடுக்கிக் காட்டும் வேலையை விண்டோஸில் யுஎஸ்பி10.டிஎல்எல் என்ற பைல் செய்து வந்தது. விண்டோஸ் 2000-த்தில்தான் தமிழுக்கான வசதி வந்தது. பழைய பதிப்பு இருந்த விண்டோஸ் 98 கம்ப்யூட்டர்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தன. ஆபீஸ் 2003 இந்த பைலின் சொந்தப் பிரதி ஒன்றைத் தன்னுடனேயே கொண்டு வந்தது. அதனால் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பதிப்புகள் இருக்க நேர்ந்தது.

மூன்று செய்திகள், மூன்று காரணங்கள்

1. எம்எஸ்விசிபி140.டிஎல்எல் போன்ற ஒரு பைல் "மிஸ்ஸிங்" என்று வந்தால், அந்த பைல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை.

2. "புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" கிடைக்கவில்லை என்று வந்தால், பைல் இருக்கிறது. ஆனால் புரோகிராம் தேடும் வசதி அதில் இல்லை. அது வேறு பதிப்பு. பெரும்பாலும் பழையதாக இருக்கும்.

3. 0எக்ஸ்சி000007பி என்ற எண் வந்தால், பெரும்பாலும் 64 பிட் புரோகிராமுக்கு 32 பிட் பைல் கிடைத்திருக்கிறது, அல்லது நேர்மாறாக.

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த டிடிபி கடை ஒன்று உண்டு. தீபத்துக்கு முந்தைய வாரம், அழைப்பிதழ் வேலைகள் குவிந்திருந்த நேரத்தில், புதிதாகப் போட்ட டிசைன் புரோகிராம் முதல் செய்தியைக் காட்டியது. கடைப் பையன் ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து அந்த ஒரு பைலை மட்டும் டவுன்லோட் செய்து சிஸ்டம்32 போல்டரில் போட்டுவிட்டான். அடுத்து வந்தது மூன்றாவது செய்தி. பார்மேட் செய்தால் வாடிக்கையாளர்களின் பைல்கள் எல்லாம் போய்விடுமே என்று கடைக்காரருக்குக் கவலை. நான் போய்ப் பார்த்தபோது பையன் போட்டது 32 பிட் பைல் என்று தெரிந்தது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்! 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 போல்டரில் இருப்பவை 64 பிட் பைல்கள். 32 பிட் பைல்கள் இருக்கும் இடம் சிஸ்வவ்64. அவன் போட்ட பைலை நீக்கி, மைக்ரோசாப்ட் தரும் முழுத் தொகுப்பை இன்ஸ்டால் செய்தேன். அரை மணி நேரத்தில் வேலை தொடங்கியது. ஒரு பைல்கூடப் போகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

* செய்தியை எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்தாலும் போதும்.

* பைல் பெயரில் உள்ள எண்ணைப் பாருங்கள். எம்எஸ்விசிபி, எம்எஸ்விசிஆர் என்று தொடங்கும் பைல்கள் விசுவல் சி++ தொகுப்பைச் சேர்ந்தவை. 100 என்றால் 2010 பதிப்பு, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. 140 என்றால் 2015 அல்லது அதற்குப் பிந்தையது.

* அந்தத் தொகுப்பை மைக்ரோசாப்ட் வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். 64 பிட் விண்டோஸ் என்றால் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

* இரண்டாவது செய்தி தொடர்ந்து வந்தால், புரோகிராமின் சொந்த போல்டரில் அதே பெயரில் பழைய பைல் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பொதுவாக அங்கேதான் முதலில் தேடும். புரோகிராமை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பைப் போடுவது நல்லது.

* விண்டோஸின் சொந்த பைல்கள் கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எப்சி என டைப் செய்து, ஓர் இடம் விட்டு, சாய்வுக்கோடும் ஸ்கேன்நவ் என்ற சொல்லும் சேர்த்து என்டர் தட்டுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. புரோகிராம் பட்டியலில் விசுவல் சி++ என்ற பெயர் ஐந்தாறு முறை இருப்பதைப் பார்த்து, "பழையது எதற்கு?" என்று நீக்கிவிடாதீர்கள். 2010 தொகுப்பின் வேலையை 2013 தொகுப்பு செய்யாது. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்போதும் நீங்கள் குறித்து வைத்த செய்தியை முதலில் காட்டுங்கள். பார்மேட் என்ற பேச்சு வந்தால், உங்கள் போட்டோக்களையும் டாகுமென்ட்களையும் பென் டிரைவிலோ வேறு ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்த பிறகே சம்மதியுங்கள்.