கைவேலை பிழைப்பாகுமா?

மட்டாஞ்சேரியில் யூதத் தெரு இருக்கிறது. தெருக்கோடியில் யூதர்கள் தொழும் பள்ளி உள்ளது. அது 1568-இல் கட்டியது. 1948-இல் இஸ்ரேல் நாடு உண்டானது. பிறகு கொச்சி யூதர்கள் பெரும்பாலோர் அங்கே குடிபோனார்கள். சிலர் போகவில்லை. அவர்களில் ஒருவர் சாரா கோஹன். ஊருக்கு அவர் சாரா ஆன்ட்டி.

அவருக்குப் பூத்தையல் நன்றாக வரும். யூத ஆண்கள் தலையில் வைக்கும் சிறு தொப்பி தைப்பார். வெள்ளிக்கிழமை இரவு ரொட்டியை மூடும் துணியில் பூ வேலை செய்வார். இவை யூதர் வீடுகளில் புழங்கும் பொருள்கள். பிறகு இவையே விற்பனைக்கு வந்தன. வீட்டின் முன்னறைதான் கடை. கணவர் இறந்த பிறகும் கடை நிற்கவில்லை. பிள்ளைபோல் பழகிய ஒரு முஸ்லிம் அன்பர் கூட இருந்து பார்த்துக்கொண்டார். சாரா ஆன்ட்டி 2019-இல் காலமானார். அப்போது வயது 96.

"எனக்கும் பூத்தையல் தெரியும். நானும் கடை போடலாமா?" என்று பல அக்காமார் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் கையை மட்டும் பார்க்கக்கூடாது. இடத்தையும் பார்க்க வேண்டும். சாரா ஆன்ட்டியின் கடை அவர் வீட்டிலேயே இருந்தது. பள்ளியைப் பார்க்க வரும் வெளிநாட்டார் அந்த வாசலைத் தாண்டித்தான் போவார்கள். அவர் தைத்த பொருள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. நம் சந்துக்குள் யார் வருவார்கள்?

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அக்கா பகலில் இறால் உரிக்கப் போகிறார். எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் ஆகிறது. இரவில் தலையணை உறை தைக்கிறார். ஒரு ஜோடிக்குத் துணி 120 ரூபாய். நூல் 30 ரூபாய். தைக்கப் பத்து மணி நேரம். 400 ரூபாய்க்கு விற்கிறார். "250 ரூபாய் லாபம்" என்று மகிழ்கிறார். அது லாபம் அல்ல. அவருடைய கூலி. மணிக்கு 25 ரூபாய்தான் விழுகிறது. இறால் கூலியில் பாதிகூட இல்லை!

இறால் கூலிக்குச் சமமாக வேண்டுமானால் 750 ரூபாய்க்கு விற்க வேண்டும். யார் வாங்குவார்? எர்ணாகுளம் பிராட்வேயில் மெஷின் பூ போட்ட உறை மலிவாகக் கிடைக்கும். அதோடு போட்டி போட்டால் கண்தான் கெடும். மெஷின் உறையில் இல்லாததைத் தர வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயர் போட்ட உறை. ஞானஸ்நானக் குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இவற்றுக்கு விலை கேட்கலாம்.

விலை கேட்பதும் ஒரு வேலைதான். இதுவரை சொந்தக்காரருக்குச் சும்மா தைத்துக் கொடுத்திருப்பீர்கள். இனி காசு கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. பொழுதுபோக்காகத் தைக்கும்போது நினைத்த பூவைப் போடலாம். ஆர்டர் வந்தால் ஒரே ரோஜாவை நாற்பது தடவை போட வேண்டும். அப்போதும் ஊசி எடுக்க மனம் வருமா? சிலருக்கு வராது. அவர்கள் தமக்காகவே தைக்கட்டும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பகல் வேலையை உடனே விட வேண்டாம். முதலில் ஆறு மாதம் இரவில் தைத்து விற்றுப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் நேரத்தையும் செலவையும் நோட்டில் எழுதுங்கள். எழுதத்தான் இப்போது தெரியுமே! கடன் பிறகு வாங்கலாம். கேரளத்தில் 1998 முதல் குடும்பஸ்ரீ நடக்கிறது. அதன் அயல்கூட்டங்களில் பெண்கள் சேர்ந்து சேமிக்கிறார்கள். சிறு கடனும் கிடைக்கும். உங்கள் நோட்டை அங்கே காட்டிப் பேசுங்கள்.

பயிற்சி: ஒரு மேஜை விரிப்புக்குத் துணி 200 ரூபாய், நூல் 60 ரூபாய். தைக்க 12 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் கூலி. என்ன விலை சொல்வீர்கள்? அந்த விலைக்கு வாங்கக்கூடிய மூன்று பேர் பெயரை எழுதுங்கள்.