நீருக்கும் இடம் வேண்டும்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரை வாட்டிய பெருவெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கோத்தா திங்கிப் பட்டணமே நீரில் மூழ்கிற்று. மழைநீரை விரைவாக வெளியேற்றுவது மட்டும் போதுமா? அண்டை நாடான சிங்கப்பூர் இதற்கு நல்லதொரு பாடம் தருகின்றது.

இன்றைய அங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1973-ஆம் ஆண்டில் அங்கு அடுக்குமாடி வீடமைப்புப் பணி தொடங்கிற்று. 1988-இல் அதனை அடுத்துப் பீஷான் பூங்கா திறக்கப்பட்டது. பூங்காவின் ஓரமாகக் காலாங் ஆறு நேரான சிமெண்டுக் கால்வாயில் ஓடிற்று. மழைக்காலத்தில் நீர் வேகமாகப் பாயும். மக்கள் அருகில் செல்ல இயலாது.

2012-இல் நிறைவுற்ற சீரமைப்பில், 2.7 கிலோமீட்டர் கால்வாய் 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள, வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டது. கரைகளில் நடப்பட்ட செடிகளின் வேர்கள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன. உடைத்தெடுத்த சிமெண்டுப் பாளங்களைக் கொண்டு பூங்காவிலேயே ஒரு குன்று எழுப்பினர். பெருமழையின்போது பூங்காவின் தாழ்ந்த பகுதி வெள்ளத்தை ஏந்திக்கொள்ளும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் மக்கள் மேட்டுக்குச் சென்றுவிடுவர். நீர் வடிந்தபின் அவ்விடத்தில் சிறுவர் விளையாடுவர்.

நீருக்கு இடம் விட்டால் அது நம் வீட்டை நாடி வராது. நம் லயத்தருகே ஓடும் ஓடையில் குப்பை கொட்டாமலும், கரையிலுள்ள செடிகளை அழிக்காமலும் காப்போமாக!